சோழவந்தானிலிருந்து சுவான்சோ வரை

சீனாவிலிருந்து திரும்பி ஐந்து நாள்கள்தான் ஆகின்றன. பார்க்கிறவர்கள் எல்லாரும் பெருஞ்சுவரைப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. பெய்ஜிங்கிற்கும் போகவில்லை, ஷாங்காய்க்கும் போகவில்லை. மதுரையில் நான் விசாரித்த ஒரு பயண நிறுவனம் எட்டு நாள்களில் நான்கு பெருநகரங்களைக் காட்டுவதாகச் சொல்லி இருவருக்குக் கேட்ட தொகையைவிடக் குறைவாக, நானும் என் தாய்மாமாவும் பதினைந்து நாள்கள் சுற்றிவிட்டு வந்திருக்கிறோம். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் ஆன செலவு இரண்டேகால் லட்சம் ரூபாய்.

மாமாவுக்கு அறுபத்து நான்கு வயது. சோழவந்தானில் நெல்லும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருக்கிறார். அவர் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். “கட்டடம் பார்க்க நான் வரலை மாப்பிள்ளை. வயக்காடு எங்க இருக்கோ அங்க கூட்டிட்டுப் போ” என்றார். திட்டம் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் போட்டேன். இப்போது யோசித்தால், அதைவிட நல்ல யோசனையை எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

செலவுக் கணக்கு, ரயில், சாப்பாடு என்று வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தென் சீனாவின் குய்லின் ரயில் நிலைய வாசலில் நடந்ததைச் சொல்லாமல் எனக்கு வேறு எதுவும் ஓடாது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகக் குவாங்சோவில் இறங்கி, அங்கிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் குய்லின் வந்துவிட்டோம். லோங்ஜி படிக்கட்டு வயல்களுக்குச் செல்லும் கடைசிப் பேருந்து போய்விட்டது, மழை வேறு. ஒரு கார் ஓட்டுநரிடம், அந்த வயல்களுக்கு நடுவே இருக்கும் பிங்ஆன் கிராமத்தின் பெயரைக் காட்டி எவ்வளவு என்று கையால் கேட்டேன். அவர் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டினார். இரண்டு விரல், இருநூறு யுவான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு யுவானுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ரூபாய் என்பதால் இரண்டாயிரத்து நானூறு ரூபாய், மலைப்பாதைக்கு நியாயம்தான் என்று ஏறிவிட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வந்து இறக்கிவிட்டபின் அவர் கேட்டது எண்ணூறு. சீனர்கள் ஒன்று முதல் பத்து வரை ஒரே கையால் காட்டுவார்கள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தால் அங்கே எட்டு என்று பொருள்.

விரலைத் தவறாகப் படித்தது என் பிழை. ஆனால் அந்தத் தூரத்துக்கு எண்ணூறு யுவான் என்பது வெளியூர்க்காரன் தலையில் கட்டும் விலை. நாங்கள் தங்கவிருந்த விடுதி அம்மாள் வெளியே வந்து, வழக்கமான கட்டணத்தைவிட இரண்டு மடங்கு கேட்கிறாய் என்று அவரோடு வாதாடினார். கடைசியில் ஐந்நூறில் முடிந்தது. ஆறாயிரம் ரூபாய்! அன்றைய இரவு முழுவதும் எனக்கு அந்தக் கணக்கே ஓடியது. இனிப் போகிறவர்கள் விரலை நம்பாதீர்கள்; கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டி, அவரையும் தட்டச் சொல்லி, அதன்பின் ஏறுங்கள்.

அந்தக் கோபம் காலையில் ஜன்னலைத் திறந்ததும் போய்விட்டது. ஜூன் முதல் வாரம் நடவுக் காலம். மலையின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை வயல்களில் தண்ணீர் கட்டி நிற்க, ஒவ்வொரு வரப்பும் மலையின் வளைவோடு சேர்ந்து வளைந்து, மேகம் அந்தத் தண்ணீருக்குள்ளும் நகர்ந்துகொண்டிருந்தது. லோங்ஜி என்றால் டிராகனின் முதுகெலும்பு என்று பொருள். குவாங்சி மாநிலத்து லோங்ஷெங் வட்டாரத்தில், சுமார் 300 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,100 மீட்டர் வரை இந்த வயல்கள் ஏறுகின்றன. சுவாங், யாவ் என்னும் இரண்டு மலையின மக்கள், மங்கோலியர் ஆண்ட யுவான் பேரரசுக் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வெட்டிச் சேர்த்தவை. சில வயல்கள் நம் வீட்டுத் திண்ணை அகலம்கூட இருக்காது. அங்கே டிராக்டருக்கு வேலையே இல்லை.

மாமா பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, மலையுச்சியில் இருந்த காட்டைக் காட்டி, “கண்மாய் அங்க இருக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கியது இதுதான்: இந்த மலையில் அணையும் இல்லை, கண்மாயும் இல்லை, உச்சிக் காட்டை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மழையை அந்தக் காடு குடித்து வைத்துக்கொண்டு ஊற்றாகக் கசியவிடுகிறது. அந்த நீர் வாய்க்காலிலும் மூங்கில் குழாயிலும் மேல் வயலுக்கு வந்து, அது நிறைந்ததும் அடுத்த வயலுக்கு, அது நிறைந்ததும் அதற்கடுத்த வயலுக்கு என்று கீழே இறங்குகிறது. ஒரு விவசாயி மடையை அடைத்தால் கீழே உள்ள அத்தனை பேருக்கும் தண்ணீர் நின்றுவிடும். “நம்ம ஊருல நீர்பாய்ச்சி இருந்த காலத்துல இப்படித்தான் இருந்துச்சு” என்று, வயலுக்கு வயல் தண்ணீரைப் பிரித்துவிட ஊரே அமர்த்திய ஆளை நினைத்து மாமா சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முதல் போகத்துக்குப் பெரியாறு தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சின் நடுவில்தான் அவர் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தார். நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடமிருந்து அவர் ஒரு முடி நாற்றை வாங்கி நட்டுக் காட்டினார். அந்தப் பாட்டி பார்த்துவிட்டு, அவர் நட்டதில் இரண்டைப் பிடுங்கி இன்னும் நெருக்கமாக நட்டார். இருவருக்கும் இடையில் ஒரு சொல்கூடப் பேச்சில்லை.

அங்கே நுழைவுக் கட்டணம் 80 யுவான். ஒரு நாள் என்று வந்த இடத்தில் மூன்று நாள்கள் தங்கினோம். பச்சை மூங்கில் குழாயில் அரிசியை அடைத்து நெருப்பில் சுட்டுத் தரும் சோறு நன்றாக இருந்தது; மூன்றாம் நாள் மாமா ஊறுகாய் பாட்டிலைத் தேடினார்.

பணம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெருவோரக் கிழங்கு விற்கும் ஆள்கூட க்யூஆர் அட்டைதான் வைத்திருக்கிறார். ஊரிலேயே அலிபே செயலியை இறக்கி, வெளிநாட்டில் செல்லும் அட்டையை அதில் இணைத்துக்கொண்டு போங்கள். ஒரே பரிமாற்றம் 200 யுவானைத் தாண்டினால் மூன்று விழுக்காடு கூடுதலாகப் பிடிப்பார்கள். விடுதி வாடகையை நான் இரண்டாகப் பிரித்துக் கட்டியே கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். கூகுளும் வாட்ஸ்அப்பும் அந்நாட்டு இணையத்தில் திறக்காது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் திறக்கும். ரயிலுக்குக் காகிதச் சீட்டு வேண்டாம், கடவுச்சீட்டைக் காட்டினாலே போதும்.

குய்லினிலிருந்து வடக்கே சியானுக்குப் போக நான் வேண்டுமென்றே அதிவேக ரயிலைத் தவிர்த்தேன். 2014இல் திறந்த அந்தக் குவாங்சோ பாதை மலைகளைக் குடைந்தே போகிறது. வந்த வழியில் பார்த்ததெல்லாம் சுரங்க இருட்டும், கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு பள்ளத்தாக்கும்தான். நேரம் மிச்சமாகும், ஊர் மிச்சமாகாது. ஆகவே பச்சை வண்ணம் பூசிய பழைய சாதாரண ரயிலில், ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி ஓடும் பயணத்துக்குப் படுக்கை பதிவு செய்தேன். நம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போலவே மூன்றடுக்குப் படுக்கை, ஒரு தடுப்புக்கு ஆறு பேர். கீழ்ப் படுக்கைக்கு விலை அதிகம், மேலே போகப் போகக் குறைவு. மாமாவுக்குக் கீழே, எனக்கு உச்சியில். மெத்தையும் போர்வையும் தருகிறார்கள். பெட்டிக் கோடியில் எந்நேரமும் கொதிக்கும் வெந்நீர்க் குழாய் இருக்கிறது. சீனர்கள் பெரும்பாலும் குளிர்ந்த நீரைத் தொடுவதில்லை. ஆளுக்கொரு பிளாஸ்க்கோடு வந்து வெந்நீர் பிடித்து, தேயிலையோ கோப்பை நூடுல்ஸோ போட்டுக்கொள்கிறார்கள்.

எதிர்ப் படுக்கையில் பேரனோடு வந்த ஒரு பெரியவர் சூரியகாந்தி விதைகளைக் கை நிறைய அள்ளி மாமாவிடம் கொடுத்தார். மாமா கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். அதற்குப் பிறகு அந்தத் தடுப்பே எங்கள் வீடு போலாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். விடிந்து பார்க்கையில் நாடே மாறியிருந்தது. யாங்சி ஆற்றைக் கடந்து வடக்கே போகப் போக நெல் குறைந்து, சின்லிங் மலைத்தொடருக்கு அப்பால் கோதுமை நிலம் வந்துவிட்டது. அறுவடை அப்போதுதான் முடிந்து தாள் மட்டும் நின்றது. நெல் நாடும் கோதுமை நாடும் பிரியும் இடத்தை இருபது அடி தூரத்தில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போவதற்கு அந்தப் பச்சை ரயிலைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சியானில், பழைய பேரரசர் ஒருவரின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் படைவீரர்களைப் பார்த்தோம். 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கே உண்மையாகவே நடந்திருக்கிறது. கூட்டம் தாங்கவில்லை, அதோடு விடுகிறேன். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சுவடிகளுக்காக 652இல் எழுப்பிய கோபுரம் அமைதியாக இருந்தது. காஞ்சிபுரம்வரை வந்த மனிதர் அல்லவா என்று அரை நாள் அங்கே இருந்தோம்.

சாப்பாட்டுக்குத்தான் சியான். மாட்டிறைச்சியும் பன்றியும் மாமா தொடமாட்டார் என்பதால் குய்லினில் காலையில் விற்கும் அரிசி நூடுல்ஸைக்கூட, இடியாப்பத்தைக் கொஞ்சம் தடியாகப் பிழிந்ததுபோல் இருக்கும் அதை, இறைச்சி வேண்டாம் என்று எழுதிக் காட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. சியானின் முஸ்லிம் தெருவில் ஆட்டுக்கறி மணம் வந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. ‘பாவ்மோ’ என்று ஒன்று. முதலில் வெறும் கிண்ணமும் இரண்டு கெட்டியான ரொட்டியும் வைக்கிறார்கள். ரொட்டியை நாமே பயறு அளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும். கிண்ணத்தை உள்ளே எடுத்துப்போய், கொதிக்கும் ஆட்டெலும்புச் சாற்றில் கறியோடு சேர்த்துச் சமைத்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். பரோட்டாவைப் பிய்த்துப்போட்டுச் சால்னா ஊற்றி வளர்ந்த எங்கள் கைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூட வரும் ஊறவைத்த பூண்டு அந்தக் கறிக்கு அத்தனை பொருத்தம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. தங்கிய நான்கு நாள்களில் மூன்று முறை அதே கடை.

சியானிலிருந்து விமானத்தில் தென்கிழக்குக் கடற்கரைச் சுவான்சோவுக்கு வந்தோம். மாமாவுக்குத் தெரியாமல் இதைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான். இங்கே 1956இல் தமிழும் சீனமும் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்தது. 1281ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்தில், மங்கோலியக் கானின் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததாக அது சொல்கிறது. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்த காலம். சித்திரை என்ற சொல்லைக் கேட்டதும் மாமா நின்றுவிட்டார். “திருவிழா மாசத்துலயா?” என்று இரண்டு முறை கேட்டார்.

அந்தக் கோயில் இன்றில்லை. அதன் கற்கள் ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. 686இல் தோன்றிய கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்புறம் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மர் இருக்கிறார். கோபியரின் ஆடைகளை எடுத்துக்கொண்டு கண்ணன் மரத்தில் இருக்கிறான். கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பம் ஒன்று உள்ளது. மாமா அதைப் பார்த்து “திருவானைக்கா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் நகருக்கு வெளியே செதியன் என்ற கிராமத்துக்குப் போனோம். கார்க் கட்டணத்தை இந்த முறை முன்கூட்டியே கைப்பேசியில் தட்டச் சொல்லி உறுதிசெய்துகொண்டேன். அங்கே ஒரு சிறு கோயிலில், காலடியில் அரக்கன் கிடக்க, நான்கு கைகளோடு ஓர் அம்மன் கல்லில் அமர்ந்திருக்கிறாள். ஊர் மக்கள் அவளைக் குவான்யின், அதாவது பௌத்தர்களின் கருணைத் தெய்வம், என்று சொல்லி ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். மாமா வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும் மீனாட்சியம்மன் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். பார்த்துக்கொள்ளும் பாட்டி அருகில் வந்து அதை முகர்ந்து பார்த்தார். என் கைப்பேசி அதைச் சாம்பல் என்று மொழிபெயர்த்தது. பாட்டி தலையசைத்தார். பொட்டலத்தை இரு கைகளாலும் வாங்கி, அம்மனுக்கு முன்னால் ஊதுவத்திச் சாம்பல் நிறைந்திருந்த கலயத்தில் மெதுவாகக் கொட்டி, மூன்று ஊதுவத்திகளை ஏற்றி மாமாவின் கையில் கொடுத்தார்.