வீட்டுத் தொட்டியில சுறா: வாங்க முதல் பாருங்கோ

திருகோணமலைப் புறாத்தீவில நீந்துற கருமுனைச் சுறாக்குட்டியை வீட்டில வளர்க்கலாமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு: ஏலாது. அது தேசியப் பூங்கா, அங்க இருந்து எதையும் எடுக்கக் கூடாது. அந்த இனம் மூச்சுவிட நீந்திக்கொண்டே இருக்க வேணும், எந்த வீட்டுத் தொட்டியும் காணாது.

தொட்டிக்குத் தோதானது அடியில படுத்துக் கிடக்கிற மூங்கில் சுறா. அதுவும் 1 மீற்றர் வரைக்கும் வளரும். அதுக்குத் தொட்டி 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம் வேணும், ஏறத்தாழ 1800 லீற்றர். அடியில மெல்லிய மணல் மட்டும். பவளத் துண்டு வயித்தைக் கீறும். மூடிக்குப் பாரம் வையுங்கோ, சுறா வெளியில பாயும்.

மார்கழி மழையில தொட்டிக்குத் திருகோணமலைக் கொட்டியாரக்குடாக் கடல் தண்ணி அள்ளாதீங்கோ. மகாவலி ஆறு கலங்கி இறங்கி உப்புக் குறைஞ்சிருக்கும். தொட்டித் தண்ணியின்ர உப்பளவைக் காட்டுற சாரடர்த்தி 1.024–1.025 வேணும். வெப்பம் 24–26 பாகை. நம்மட வெயிலுக்குச் சில்லர் (தண்ணியைக் குளிராக்கிற கருவி) இல்லாட்டி 30 தொடும், ஒட்சிசன் குறையும். கழிவால தண்ணியில சேர்ற நஞ்சான அமோனியா பூச்சியத்துக்கு வராமல் சுறாவை இறக்கவே கூடாது.

வெள்ளைப்புள்ளி நோய்க்கு விக்கிற செப்பு மருந்து சுறாவுக்கு நஞ்சு. நோய் வந்த மற்ற மீனை வேற தொட்டியில விட்டு மருந்து போடுங்கோ.

சாப்பாடு கிழமைக்கு மூண்டு தரம், கணவாயும் இறாலும். தொண்டைக்குக் கீழ வீங்கினால் அயடீன் குறைவு. கழிவால தண்ணியில சேர்ற நைத்திரேற்று கூடினாலும் அந்த வீக்கம் வரும், அதால தண்ணியையும் சோதியுங்கோ.