மருதமடுவில் கேட்ட பார்வை

அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஆவணித் திருவிழாவுக்கு வவுனியாவிலிருந்து நடந்தே வருவேன் என்று மன்னார் மருதமடுக் கோயிலில் இருக்கிற மடு மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். மாதா கேட்டருளினார். அம்மா இப்போது செபப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கிறார். அந்த நேர்த்திக்குள் யாருக்கும் சொல்லாத இன்னொரு வேண்டுதலும் இருந்தது. அது என் மருமகனுக்காக, அண்ணனின் மகனுக்காக.

அண்ணனை 2009 இல் இழந்தோம். அப்போது மகன் கைக்குழந்தை. உறுதிப்பூசுதல் பெறும்வரை ஒழுங்காகக் கோயிலுக்கு வந்தவன் அதற்குப் பிறகு நின்றுவிட்டான். "மாமி, 2008 இல சண்டைக்குள்ள மாதாவின்ர சொரூபத்தையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனவை. அவவே இருக்க இடமில்லாமல் போனவா, எங்களை எப்பிடிக் காப்பாத்துவா?" என்று கேட்பான். தகப்பனின் முகம் தெரியாத பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? இந்த முறை அப்பம்மாவுக்காக வருகிறேன் என்று அவனே என் பையைத் தூக்கிக்கொண்டான்.

பம்பைமடு, பூவரசங்குளம் என்று மன்னார் வீதியால் செபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். தார் கொதித்தது, சோளகம் புழுதியை முகத்தில் அடித்தது. பறையனாளங்குளத்துக்கு வரும்போது என் கால் இரண்டும் கொப்புளம். வழியெல்லாம் சனங்கள் தேசிக்காய்த் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள், சைவ வீடுகளிலும்தான். அவர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்.

மடுவில் கால் வைக்க இடமில்லை. மெழுகுதிரிக்குச் சொன்ன விலையைக் கேட்டால் கூலிவேலை செய்கிறவர்கள் எப்படிக் கொளுத்துவார்கள் என்று வயிறு எரிந்தது. ஓட்டோக்காரர்கள் வயதானவர்களிடம்கூட இரட்டிப்பாக வாங்கினார்கள். திருவிழாக் காலத்தில் யாராவது இதைக் கவனிக்கக்கூடாதா?

மாலை மறையுரையில் சுவாமி பெத்சாயிதாவின் பார்வையற்றவரைப் பற்றிச் சொன்னார். இயேசு முதலில் தொட்டதும் மனிதர்கள் நடக்கிற மரங்களைப்போலத் தெரிந்தார்கள். மறுபடியும் கை வைத்த பிறகுதான் எல்லாம் தெளிந்தது. அந்த இரண்டாவது தொடுதல் எனக்கும் வேண்டும் ஆண்டவரே என்று அங்கேயே அழுதேன். மாதாவைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அவரைச் சரியாகப் பார்த்தேனா?

இரவு பாலைமரத்தடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது அது தெளிந்தது. மாதா இந்தக் காட்டுக்கு வந்ததே அகதியாகத்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்த காலத்தில், 1670 இல், மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தன என்று எத்தனை தடவை கேட்டிருப்போம்! குருவானவரே இல்லாமல் கிடந்த அந்தச் சனங்களைத் தேடி 1687 இல் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து இறங்கினார். அவரை 2015 ஜனவரி 14 அன்று காலையில் புனிதராக்கிய பிரான்சிஸ் பாப்பரசர் அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். 2008 இலும் மாதா எங்களை விட்டுவிட்டு எங்கேயும் போகவில்லை. எங்களைப்போல இடம்பெயர்ந்து, திரும்பி வந்தார். இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். "ம்" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் பூசை முடிந்து லைனில் நெருக்குப்பட்டு ஒருவழியாகப் பீடத்துக்கு முன்னால் வந்தோம். பின்னாலிருந்து தள்ளினார்கள், தலைக்கு மேலே போன்கள். எனக்குப் பக்கத்தில் நெற்றியில் திருநீறோடு ஒரு வயதான அம்மா. "பிள்ளை, இவவுக்கு என்ன சொல்லிக் கும்பிடுறது?" என்று கேட்டார். காணாமல் போன மகனுக்காக வந்தவராம்.

"அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். பாதியில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து என் மருமகன் "இறைவனின் தாயே" என்று எடுத்தான். நிற்காமல் ஆமென் வரை அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். பிறகு குனிந்து அவருடைய காதில், "இவவும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்தவாதான் அம்மா, உங்கட கதை இவவுக்கு விளங்கும்" என்றான்.

தாயே, உமக்குக் கோடி தோத்திரம்! மெழுகுதிரி கொளுத்தினேனா, சொரூபம் எப்படி அலங்கரித்திருந்தது, எதுவும் எனக்கு ஞாபகமில்லை. கால் வலி போன இடம் தெரியவில்லை. அழுதழுது வெளியே வந்தேன்.

அவன் இன்னும் ஞாயிறு பூசைக்கு வரத் தொடங்கவில்லை. ஆனால் ஆடித் திருவிழாவுக்கும் நடப்போமா மாமி என்று நேற்றுக் கேட்டான். இதை வாசிக்கிறவர்கள் அவனுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். அந்த அம்மாவின் மகனுக்காகவும் ஒன்று.