பெட்டிக்குள் 37.5 டிகிரி

வீட்டிலேயே செய்த குஞ்சு பொரிக்கும் பெட்டியில் (இன்குபேட்டர்) முதல் முறை 12 கோழிமுட்டை வைத்தேன். தெர்மோகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு ஒன்று, சூட்டை ஒரே அளவில் வைக்க ஒரு தெர்மோஸ்டாட். அதன் திரை எந்நேரமும் 37.7 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றது. குஞ்சு பொரிக்க வேண்டிய 21ஆம் நாள் பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. 23ஆம் நாள் இரண்டு குஞ்சுகள் வந்தன; ஒன்று நிற்க முடியாமல் மறுநாளே செத்துப்போனது. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தேன். ஏழில் குஞ்சு முழுதாக வளர்ந்து உள்ளேயே இறந்திருந்தது. இரண்டு மாதம் அந்தப் பெட்டியைத் தொட மனம் வரவில்லை.

நாள் தள்ளிப் பொரித்தால் பெரும்பாலும் சூடு போதவில்லை என்று அர்த்தம். சூடு கூடினால் முன்கூட்டியே பொரிக்கும். அப்படியானால் திரை காட்டிய 37.7 உண்மைதானா? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் தெர்மோஸ்டாட்டின் சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் சேர்த்து முக்கினேன். சென்சார் 0.9 டிகிரி கூடுதலாகக் காட்டியது. போதாததற்கு அதை மூடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். காற்று ஓடாத பெட்டியில் மேலே சூடு, கீழே குளிர். முட்டைகள் கிடந்த இடத்தில் வெப்பம் 36ஐத் தாண்டவே இல்லை.

அடுத்த முறை பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பொருத்தினேன். ஃபேன் இருந்தால் 37.5 போதும், இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வேண்டும். சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கினேன். 40 வாட்டுக்குப் பதில் 25 வாட் பல்பு இரண்டு போட்டேன், ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது கொஞ்சமாவது சூடு கொடுக்கும். மூலையில் இரண்டு தண்ணீர் பாட்டில்களும் வைத்தேன். மூடியைத் திறந்தால் காற்றின் சூடு போய்விடும், தண்ணீரின் சூடு அவ்வளவு சீக்கிரம் போகாது. முட்டை வைக்குமுன் ஒரு முழு நாள் காலிப் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். இதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம்.

12ஆம் நாள் நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டியைப் போர்வையால் மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெப்பம் 31க்கு இறங்கியது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரவு முட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே அசைவு தெரிந்தது! அடைக்கோழியும் இரை தேட தினமும் கொஞ்ச நேரம் எழுந்து போகிறதே. சிறிது நேரக் குளிரைக் கரு தாங்கும். சூட்டைத்தான் தாங்காது. 40ஐத் தாண்டிச் சில மணி நேரம் போனால் கரு பிழைப்பது கஷ்டம். அதனால் கரண்ட் வந்ததும் ஈடுகட்டுவதாக நினைத்து வெப்பத்தை ஏற்றிவைக்காதீர்கள்.

மூன்றாம் வாரத்தில் எதையும் மாற்றாமலே திரை 38.2 காட்டியது. வளர்ந்த குஞ்சுகள் தாமே வெப்பம் வெளியிடும் காலம் அது. பதறித் திருகாமல், செட்டிங்கை 0.3 மட்டும் குறைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வெப்பம் ஏறுவது நின்றுவிட்டது.

அதுவரை செய்துவந்த முட்டை திருப்புவதை 18ஆம் நாள் நிறுத்தி, அகலத் தட்டில் தண்ணீர் வைத்து ஈரப்பதத்தை 50இலிருந்து 70 சதவீதத்துக்கு உயர்த்தினேன். அதன்பின் மூடியைத் திறக்கவில்லை. 20ஆம் நாள் இரவு ஒரு முட்டையின் ஓட்டில் முதல் விரிசல். கீச்சென்ற சத்தம் கேட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் இந்த 21 நாளில் மிகக் கடினமான வேலை. மறுநாள் மாலைக்குள் 12இல் ஒன்பது வந்தன, எல்லாமே காலூன்றி நின்றன. இறகு உலர்ந்த பிறகு 35 டிகிரி வைத்த வேறு பெட்டிக்கு மாற்றினேன், அதே காய்ச்சல் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த சென்சாருடன்.