ஹோவர்ட் சட்டக் கல்லூரியும் நமது பல்கலைக்கழகக் கோரிக்கையும்

இலங்கையின் மலையகத்துக்கெனத் தனியொரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ‘நம் பிள்ளைகளை நாமே ஒதுக்கிவைப்பதாகாதா?’ என்ற கேள்வி ஹட்டனிலும் கொட்டகலையிலும் படித்தவர்களிடமிருந்தே வருகிறது. அது நியாயமான அச்சந்தான். ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென எழுந்த கல்லூரிகளின் வரலாற்றை வாசித்த பிறகு எனக்கு அந்த அச்சம் பெருமளவு நீங்கிவிட்டது.

அவற்றுள் மூத்தது 1837இல் பென்சில்வேனியாவில் தோன்றியது. பெரும்பாலானவை 1865இல் அடிமை முறை ஒழிந்தபின் தென் மாநிலங்களில் எழுந்தன. விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க ஆளில்லாதிருந்ததால், பல கல்லூரிகள் ஆசிரியர்களை உருவாக்குவதையே முதல் வேலையாகக் கொண்டன.

எனினும் என்னை அதிகம் ஈர்த்தது வாஷிங்டனிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியே. 1930களின் தொடக்கத்தில் அதை நடத்திய சார்ல்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன், கவ்வாத்து மலையில் நிற்கும் கங்காணியைப் போலக் கண்டிப்பானவர். மாலை நேர வகுப்புகளாக நடந்துவந்த கல்லூரியை முழுநேரக் கல்லூரியாக்கி, இனப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் எதிர்க்கவல்ல வழக்கறிஞர்களை அங்கே பயிற்றுவித்தார். அவருடைய மாணவர் தேர்குட் மார்ஷல், கறுப்பினத்தவரைச் சேர்க்காத மேரிலன்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவை, தம் ஆசானுடன் சேர்ந்து 1936இல் வழக்காடித் திறக்கச் செய்தார். பாடசாலைகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற்றதிலும் முன்னின்றவர் அவரே. ஒதுக்கப்பட்டவர்களுக்கான கல்லூரிதான் ஒதுக்குதலை முறியடிக்கும் ஆட்களைத் தந்தது.

நம் கதையிலும் இதன் சாயல் உண்டு. இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள், பெரும்பாலும் ஒரே ஆசிரியர். பிற்காலத்தில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்று திரும்பிய நம் பிள்ளைகள் ஆசிரியர்களானபோது வகுப்பறையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கொழுந்து அதிகமாக வரும் நாட்களில் மூத்த பெண்பிள்ளை வராவிட்டால், வரவுப் பதிவேட்டில் கோடிடுவதோடு நில்லாமல், தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்) நிறுத்தப்பட்டிருப்பாள் என்று அறிந்து மாலையில் அங்கேயே போய்ப் பேசினார்கள். லயத்தில் வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அமெரிக்கக் கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மாநிலக் கல்லூரிகளுக்கு மத்திய அரசு உதவ வகைசெய்த 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கல்லூரிகளை ஏற்ற மாநிலங்கள், அவற்றுக்கு உரிய நிதிப் பங்கை ஒழுங்காகத் தரவில்லை. 16 மாநிலங்களில் மூன்று தசாப்தங்களில் சேர்ந்த குறை மாத்திரம் 1,200 கோடி டொலருக்கு மேல் என 2023இல் மத்திய அரசே ஆளுநர்களுக்கு எழுதியது. பெயர்ப்பலகையும் அடிக்கல்லும் தந்துவிட்டு நிதியை மறப்பது நம் நாட்டு அரசியலுக்கும் புதிதன்று.

ஆகவே நமது கோரிக்கையில் இடத்தைப் பற்றிய பேச்சைக் குறைத்து, ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டிய நிதியையும் தொடங்க வேண்டிய பீடங்களையும் எழுத்தில் கேட்க வேண்டும். என் விருப்பம் சட்ட பீடம்: காணியுறுதி, சம்பளம், ஊழியர் சேமலாப நிதி என்று நம் மக்களின் வழக்குகள் அத்தனைக்கும் தமிழில் வாதாடத் தெரிந்தவர்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை.