கோரம் இருக்கிறதா? தலையை எண்ணிப் பாருங்கள்

மரண உதவிச் சங்கமோ கோயில் கமிட்டியோ, தேயிலைத் தோட்டத்தில் எந்தக் கூட்டம் கூடினாலும் “கோரம் இருக்கா?” என்று ஒருவர் கேட்பார். பாதிக்கு மேல் வோட்டு விழுந்தால் கோரம் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கூட்டம் செல்லுபடியாக ஆகக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டுமோ, அந்த எண்ணிக்கைதான் கோரம்.

சங்கத்தின் விதிகளான யாப்பில் கோரம் 40 என்றிருந்து 40 பேர் வந்தால் கூட்டத்தைத் தொடங்கலாம். அத்தனை பேரும் வாக்களித்தால் 21 பேரின் ஆதரவில் பிரேரணை நிறைவேறும். கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவரும் கோரத்தில் சேர்த்திதான். அவர் எழுந்து வீட்டுக்குப் போனால்தான் எண்ணிக்கை குறையும்.

கோரம் (ஆங்கிலத்தில் குவோரம்) லத்தீன் சொல். இங்கிலாந்தில் சமாதான நீதவான்களை நியமித்த ஆணைப் பத்திரத்தில், ‘இவர்களுள் இன்னார் ஒருவராக இருக்கவேண்டும்’ என்ற வாசகத்தின் முதற்சொல் அது. இலங்கை அரசியலமைப்பின் 73ஆம் உறுப்புரைப்படி, 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்குக் கோரம் 20. ஆள் குறைவதை யாராவது சபைக்குத் தலைமை தாங்குபவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். தோட்டக் கூட்டத்திலும் அந்த வேலையைச் செயலாளர் தயங்காமல் செய்ய வேண்டும்.

பேச்சில் கோரம் என்றே சொல்லலாம். கூட்ட அறிக்கையில் ‘கூட்ட நடப்பெண்’ என்று எழுதுங்கள். தமிழில் கோரத்துக்குப் பயங்கரம் என்ற பொருளும் இருக்கிறதல்லவா. ஆங்கிலக் கடிதத்தில் ‘குவோரம் பாஸ்ட்’ என்று எழுதுவது பிழை. பாஸாவது பிரேரணை. கூட்டத்துக்குப் போதிய ஆள் இருந்தால் அது ‘குவோரேட்’, இல்லாவிட்டால் ‘இன்குவோரேட்’.

அதிகம் பிழை நேர்வது கையெழுத்துப் புத்தகத்தில்தான். மூன்று மணிக்குக் கையெழுத்து வைத்தவர் மழை இருட்டியதும் லயத்துக்குப் போயிருப்பார். கணக்கு அறிக்கை வாசித்து முடிக்கவே நாலரை ஆகிவிடும், வாக்கெடுப்பு அதற்குப் பிறகு. ஆகவே முக்கியமான பிரேரணைக்கு முன் மறுபடி தலையை எண்ணி, ‘மொத்த அங்கத்தவர் 120, கூட்ட நடப்பெண் 40, சமூகமளித்தோர் 43, மாலை 4.35’ என்று நேரத்தோடு பதியுங்கள். வங்கிக் கணக்கில் கையொப்பமிடுவோரை மாற்றும் தீர்மானத்துக்கு இது மிக அவசியம். கோரம் இல்லாமல் எடுத்த தீர்மானத்தைப் பிறகு எவரும் செல்லாது என்று கேள்வி கேட்கலாம்.

மொத்த அங்கத்தவரில் மூன்றில் ஒரு பங்கு கோரம் என்று யாப்பில் எழுதுவது மலையகத்துக்கு அவ்வளவாக ஒத்துவராது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயரும் இடாப்பில் இருக்கும். கொழுந்து நிறைய வரும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு ஆட்கள் மலைக்குப் போய்விடுவார்கள். சந்தா நிலுவையில்லாத அங்கத்தவரில் மூன்றில் ஒரு பங்கு என்று வரையறுப்பது நல்லது. பின்னம் வந்தால் மேல்நோக்கி எடுங்கள்: 50 பேரில் மூன்றில் ஒரு பங்கு 17, 16 அல்ல. முதற் கூட்டம் கோரமின்றி ஒத்திவைக்கப்பட்டால் அடுத்ததை எத்தனை நாளுக்குள், எத்தனை பேருடன் நடத்தலாம் என்பதையும் யாப்பிலேயே எழுதிவிடுங்கள்.