அம்மா உட்கார்ந்தே தூங்கிய மாதம்

முதலில் ஒரு தலையணை கூடியது, அப்புறம் இரண்டு. கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார் அம்மா. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். முதலில் பார்த்த மருத்துவர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார். கால் வீங்கியதும் நீர் பிரிவதற்கு மாத்திரை எழுதினார். அதைப் போட்ட இரண்டாம் நாள் அம்மா தலைசுற்றி விழப் பார்த்தார். அந்த மருத்துவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததை நாங்களும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை, கீமோ, ஐந்து வருட மாத்திரை என்று எல்லாம் முடிந்துபோன கதையாகத்தான் நினைத்திருந்தோம்.

வேறு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் குடம் மாதிரி பருத்திருந்தது. ரத்த அழுத்தம் 90, நாடித்துடிப்பு 120, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உடனே எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுத்தார்கள். பேசிக்கொண்டே கருவியை நகர்த்திய டாக்டர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். அப்புறம் திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்தைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம், அதுதான் நீர். இதயத்தை மூடியிருக்கும் பெரிகார்டியம் என்ற உறைக்குள் எல்லோருக்குமே 50 மில்லி வரை நீர் இருக்கலாமாம். அம்மாவுக்கு அது நிரம்பி, விரிய இடமில்லாமல் இதயத்தின் வலப்பக்கம் அமுங்கிக்கொண்டிருந்தது. இப்படி நீர் இதயத்தை நெருக்குவதை டாம்போனேட் என்றார். அந்த நீர் மாத்திரை ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. நெருக்குண்ட இதயத்துக்கு வந்து சேரும் ரத்தத்தை அது இன்னும் குறைத்துவிடும்.

மார்பெலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, எக்கோவில் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயைச் செருகினார்கள். 650 மில்லி வந்தது, ரத்த நிறத்தில். பாதி இறங்கும்போதே அம்மா, "இப்பத்தான்டா காத்து உள்ள போகுது" என்றார். தினமும் வடியும் அளவு 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே குழாயை எடுத்தார்கள்.

அதோடு தீரவில்லை. அந்த நீரைச் சோதித்ததில் சந்தேகத்துக்குரிய செல்கள் என்றுதான் வந்தது, உறுதியாக இல்லை. மூன்றே வாரத்தில் நீர் மறுபடி கோர்த்தது. இந்த முறை அறுவை சிகிச்சை அறையில் உறையில் சின்னதாக ஒரு சன்னல் வெட்டி, நீர் தேங்காமல் வழிவிட்டார்கள். வெட்டிய துண்டு பயாப்சிக்குப் போனது. அதில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது.

'இதயத்தில்கூடக் கேன்சர் வருமா?' என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். இதயத்திலேயே தோன்றும் புற்றுநோய் மிக அரிது. நுரையீரல், மார்பகம், தோலின் மெலனோமா, ரத்தம் என்று வேறிடத்திலிருந்து பரவி வருவது அதைவிடப் பல மடங்கு அதிகம் என்றார் புற்றுநோய் மருத்துவர். "உட்கார்ந்திருக்கும் இடம்தான் இதயம். ஆள் பழைய ஆள்தான்." அதனால் வைத்தியமும் மார்பகப் புற்றுநோய்க்கானதே. பீரோ மேலிருந்த பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். புற்றுநோய் செல்களில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களான ஹார்மோன் ஏற்பிகள் காலப்போக்கில் மாறக்கூடும் என்பதால் புதிய துண்டிலும் சோதித்தார்கள், மாறவில்லை. அம்மாவுக்கு முன்பு கொடுத்த கீமோ மருந்துகளின் மொத்த அளவையும் டாக்டர் கோப்பில் தேடிப் படித்தார், சில மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்குமாம்.

கீமோ வேண்டாம் என்று முடிவானது. தினமும் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரசோல் மாத்திரை, கூடவே புற்றுநோய் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசிக்லிப், அதை 21 நாள் போட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்ததால் ஒரு சுற்று தள்ளிப்போனது. முழுக்கக் குணமாக்கும் வைத்தியம் இல்லை, அடக்கி வைக்கும் வைத்தியம் என்பதை டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரையும் வைத்துக்கொண்டேதான் சொன்னார். அம்மா தலையசைத்துவிட்டு, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டார்.

இது பதினான்காவது மாதம். கடைசி எக்கோவில் அந்தக் கறுப்பு வளையம் ஒரு மெல்லிய கோடுதான். தட்டையாகப் படுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, இரண்டு தலையணை வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்.