காதில் விழுந்த வயது

அந்தப் பையனின் வயதை அவன் மாமா அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "பத்தொம்போது வயசுதான் ஆவுது, அதுக்குள்ள டிரெயினிங் முடிச்சிட்டு லீவுல வந்துட்டான் பாரு" என்று பக்கத்து டேபிள்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர்கள் டேபிளில் மசாலா கடலைத் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்ததும் ஆர்டர் வந்தது. "எனக்கு ஒரு ரம், லார்ஜ். தம்பிக்கு ஒரு பீரு."

பாரில் வேலைக்குச் சேருகிறவன் முதலில் பழக வேண்டியது காது கேட்காமல் இருக்க. பெக் ஊற்றுவதும் பில் போடுவதும் தானாக வந்துவிடும். டேபிளில் பங்காளிச் சண்டை நடக்கும், சீட்டுப் பணத்தை யார் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று பேச்சு ஓடும், சில நாள் அழுகைகூட நடக்கும். எதையும் காதில் வாங்கக் கூடாது. சர்வர்களை மேய்க்கிற கேப்டன் ஆகிற வரைக்கும் நான் அப்படித்தான் வந்தேன், என்னிடம் வருகிற பையன்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டது?

"சார், தம்பிக்கு பீர் குடுக்க முடியாது. இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கணும். சால்ட் லைம் சோடா கொண்டாரட்டுமா?"

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். ரிட்டயர்ட் மிலிட்டரிக்காரர், கம்மவான்பேட்டைப் பக்கம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர், வேலூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "இவன் கையில கவர்மெண்டு துப்பாக்கிய குடுத்திருக்குதுபா. நீ ஒரு பீரு குடுக்கமாட்டியா?" என்றார். நான் சுவரில் இருந்த போர்டைக் காட்டினேன். "அதெல்லாம் காலேஜ் பசங்களுக்கு எழுதி வச்சது. இவன் சோல்ஜர்" என்றார். பக்கத்து டேபிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பையன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையையும் முட்டிமேல் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தொப்பி போட்டுப் போட்டு நெற்றியில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாகக் கோடு விழுந்திருந்தது. "விடுங்க மாமா. அண்ணன் அவர் டியூட்டியப் பாக்கறாரு" என்றான்.

சண்டை போட்டிருந்தால் மறந்திருப்பேன். எங்கள் தொழிலில் வாங்காத திட்டா? அவன் என் பக்கம் பேசியதுதான் இன்னும் குடைகிறது.

என் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹோட்டல் பார் லைசென்ஸில் ஓடுகிறது. ஒரு புகார் போய், ஒரு செக்கிங் வந்தால் முதலாளி எப்படியாவது சமாளித்துக்கொள்வார், தெருவில் நிற்பது நாங்கள்தான். தமிழ்நாட்டில் 21 என்பது நான் வைத்த சட்டம் இல்லை. வாசலிலேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. செக்யூரிட்டி மாமாவின் மீசையைப் பார்த்து சல்யூட் வைத்து உள்ளே அனுப்பிவிட்டார்.

மேனேஜர் வேறு மாதிரி சொன்னார். "அவரு ஏதோ பெருமைக்குச் சொன்னாரு. உனக்கு எதுக்குக் கேட்டுச்சு? கேட்டதாலதான பிரச்சினை?" அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. நாங்கள் எல்லோரிடமும் ஆதார் கேட்பதில்லை, சந்தேகம் வந்தால் மட்டும் கேட்போம். சந்தேகம் முகத்தைப் பார்த்து வருகிறது, முகத்தில் தாடியைப் பார்த்துப் போய்விடுகிறது. தாடி வைத்த இருபது வயதுக்காரன் சார் ஆகிவிடுவான். பட்டாளத்தில் தினம் மழிக்க வேண்டும். அந்தப் பையன் பதினாறு மாதிரி இருந்தான்.

இங்கே வருவதற்கு முன் பாண்டிச்சேரியில் வேலை பார்த்தேன். அங்கே 18. இதே பையன் திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக பஸ் பிடித்துப் போயிருந்தால் நானே தட்டில் வைத்து பீர் நீட்டியிருப்பேன், எந்த உறுத்தலும் இருந்திருக்காது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தூருக்குப் போய்ப் பிரயோஜனமில்லை, ஆந்திராவிலும் 21தான். கேரளாவில் 21 ஆக இருந்ததை 23 ஆக ஏற்றிவிட்டார்கள். மகாராஷ்டிராவில் பீருக்கு 21, மற்ற சரக்குக்கு 25. டெல்லியில் எல்லாவற்றுக்கும் 25. கர்நாடகாவில் 2023 ஜனவரியில் 21ஐ 18 ஆக்க வரைவு விதி போட்டார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரே ராணுவம். டிரெயினில் போகப் போக அவன் பெரியவனாகவும் சின்னவனாகவும் மாறிக்கொண்டே இருக்கிறான்.

அப்படியானால் நம் ஊரிலும் 18 ஆக்கிவிடலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாண்டிச்சேரியில் சனி ஞாயிறுகளில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கும்பலாகப் பையன்கள் வருவார்கள். சாயங்கால பஸ்ஸுக்குள் முடிக்க வேண்டும் என்று யாரோ துரத்துகிற மாதிரி குடிப்பார்கள். சைடிஷைத் தொடமாட்டார்கள். அதில் ஒருவன் படியிலேயே சரிந்துவிட, மற்றவர்கள் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிப்போவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தவன் 18க்கு எப்படிக் கை தூக்குவான்?

ஆனால் வயதைக் குறைக்கச் சொல்கிறவர்கள் இதே காட்சியைத்தான் தங்களுக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். அந்தப் பையன்கள் அப்படிக் குடித்தது சொந்த ஊரில் முடியாததால்தானே? உள்ளூர்ப் பையன்கள் ஒரு பீரை ஒரு மணி நேரம் வைத்து உருட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அது 18 என்ற சட்டத்தால் வந்த நிதானமா, இல்லை வீடு அடுத்த தெருவில் இருந்ததால் வந்த பயமா? பயம்தான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடித் தேடிப் படித்தேன். மாமா கேட்ட கேள்வியை அமெரிக்காக்காரன் ஐம்பது வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்கிறான். வியட்நாம் போருக்கு 18 வயதுப் பையன்களை ஆள் எடுத்தார்கள். சண்டைக்கு ஆகிறவன் ஓட்டுக்கு ஆகமாட்டானா என்று கேட்டு 1971இல் ஓட்டு வயதை 21இலிருந்து 18க்கு இறக்கினார்கள். அந்த வேகத்தில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. அப்புறம் ரோட்டில் இளவட்டங்கள் சாவது பெரிய பிரச்சினையாகி, 1984இல் ஒரு சட்டம் வந்தது. 21க்குக் கீழே விற்க விடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலைக்குத் தரும் பணத்தில் வெட்டு. நாலே வருஷத்தில் எல்லா மாநிலமும் 21க்கு வந்துவிட்டது. 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு, பிள்ளைகள் ஒளிந்து ஒளிந்து மொத்தமாகக் குடிக்கிறார்கள், 21 சரிதானா என்று மறுபடி பேசுவோம் என்றார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் அமைப்பு எதிர்த்து நின்றது. இன்றைக்கும் அங்கே 21தான்.

அதில் ஒரு விஷயம் வேடிக்கையாக இருந்தது. மெக்சிகோ, கனடா எல்லையிலிருந்து 50 மைலுக்குள் இருக்கும் அமெரிக்க ராணுவ முகாமில், அதிகாரி நினைத்தால் வயதைக் குறைத்துக்கொள்ளலாமாம். பையன்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வண்டி ஓட்டி வருவதைவிட உள்ளேயே குடிக்கட்டும் என்கிற கணக்கு. கம்மவான்பேட்டைக்கு அப்படி ஓர் எல்லை இல்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சே நடக்காது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் நம் வட ஆற்காட்டுக்கு வந்தது. 1971இல் கடையைத் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள், 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கையில். திறப்பதா மூடுவதா என்பதிலேயே காலம் போய்விட்டது. திறந்து கிடக்கும் கடைக்கு எந்த வயதில் போகலாம் என்று ஒரு கட்சிக்காரர் வாய் திறந்தால் அவருக்கு அடுத்த தேர்தல் கிடையாது. அதனால் அந்தக் கேள்வியை எங்களைப் போன்ற ஆட்கள் டேபிள் டேபிளாக நின்று தீர்க்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் மோசம். அக்னிவீரராக பதினேழரை வயதில் சேரலாம், நாலு வருஷ வேலை. சீக்கிரம் சேர்ந்தவன் இருபத்தொன்றரையில் வெளியே வந்துவிடுவான். அதாவது தமிழ்நாட்டுச் சட்டப்படி அவன் சேவையில் கடைசி ஆறு மாதம்தான் லீவில் வந்து ஒரு பீர் வாங்க முடியும். ஓட்டு 1989லிருந்து 18 வயதில் இருக்கிறது. வண்டி ஓட்ட லைசென்ஸும் அதே வயதில் எடுக்கலாம். கல்யாணம் மட்டும் ஆம்பளைக்கு 21. குடியையும் கல்யாணத்தையும் ஒரே வயதில் வைத்தவர்கள் ஏதோ யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று எங்கள் கிச்சன் மாஸ்டர் சொல்வார்.

எனக்கு நானே சொல்லத் தயங்குகிற ஒன்றும் உண்டு. மாமா வந்து உட்கார்ந்ததும் என்னை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டார். எனக்கு அது ஆகாது. சொடுக்காமல் "தம்பி" என்று கூப்பிட்டிருந்தால் என் காது வழக்கம்போல் அடைத்திருக்குமோ? இல்லை, வயதைக் கேட்ட பிறகு யாராக இருந்தாலும் மறுத்திருப்பேன் என்று அடித்துச் சொல்லத் தோன்றுகிறது. சொடுக்குகிறவர்களுக்கு நான் தினம் சிரித்துக்கொண்டே ஊற்றுகிறேன் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட மாட்டேன் என்கிறது.

அன்றைக்கு மாமா மூன்று லார்ஜ் போட்டார். பையன் லைம் சோடாவை உறிஞ்சிக்கொண்டு அவருக்கு சோடா கலந்து கொடுத்தான். "அண்ணே, ஐஸ் வேணாம், மாமாவுக்குத் தொண்டை ஒத்துக்காது" என்று என்னிடம் சொன்னான். பில் போல்டரை மாமா பக்கம் வைத்தேன். பையன் இழுத்துக்கொண்டு போனை எடுத்து ஸ்கேன் பண்ணினான், முதல் சம்பளம் போல. அந்த நிமிஷம் சரக்கை வாங்கியது யார்? குடித்தவரா, காசு கொடுத்தவனா? 21க்குக் கீழே விற்கக் கூடாது என்றால் நான் இப்போது யாருக்கு விற்றேன்? பணம் ஏறிவிட்டது என்று மெஷின் சொன்னது, நானும் சோம்புக் கிண்ணத்தை நீட்டினேன்.

கீழே போய் புல்லட் சாவியைப் பையன் வாங்கிக்கொண்டான். கிரீன் சர்க்கிள் பக்கம் போலீஸ் ஊதச் சொன்னாலும் அவனுக்குப் பயமில்லை. அந்த டேபிளில் நிதானமாக இருந்த ஒரே ஆள் அவன், அதற்குக் காரணம் நான் என்று அன்றைக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

அந்தத் தெம்பையும் மாமாவே வந்து கெடுத்துவிட்டார். ஐப்பசி மழையில் ஒரு நாள் தனியாக வந்தார். சொடுக்கவில்லை, கையைத் தூக்கினார். இரண்டாவது லார்ஜில் தானாகவே ஆரம்பித்தார். "அன்னிக்கு நீ குடுத்திருந்தாலும் அவன் குடிச்சிருக்கமாட்டான்பா. அவனுக்குப் பழக்கமே இல்ல. நாந்தான் பழக்கிவுடலாம்னு இட்டாந்தேன். யூனிட்ல நாலு பேரோட பொழங்கணும் இல்ல?"

எனக்காகச் சொன்னாரா, நிஜமா, தெரியவில்லை. நிஜமென்றால் அன்றைக்கு அவரும் நானும் போர்டும் சேர்ந்து அவ்வளவு வாதம் செய்தோமே, அவனிடம் ஒருவரும் வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. வயதை மட்டும் பார்த்தேன்.

மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, நீ செஞ்சதுதான் சரி" என்றார். கேட்டதே தப்பு என்று முதலில் சொன்னவரும் அவர்தான். பையன் குடிக்காதவன் என்பதால் நான் செய்தது சரி என்றால், அவன் குடிக்கிறவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மாடி ஹாலில் அன்றைக்கு ரிசப்ஷன், மாப்பிள்ளையின் நண்பர்கள் கும்பலாக பாருக்குள் வந்துகொண்டிருந்தார்கள், பாதிப் பேர் தாடி. நான் வாசலுக்குப் போய் ஒவ்வொருவரிடமும் ஆதார் கேட்க ஆரம்பித்தேன். முதலில் கேட்டவருக்கு இருபத்தெட்டு வயது. ரொம்பக் கோபித்துக்கொண்டார்.